காப்பும் ரிப்பனும்

ராஜாம்பாள் பார்த்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் நலத்துணை என்று பெயர் வைத்திருந்தார்கள். புற்றுநோய்க்காரர்களை வீட்டிலிருந்து கூட்டி வருவது, மருந்து ஏறி முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, திரும்பக் கொண்டுபோய் விடுவது, அடுத்த தேதிக்கு மறுபடி போய் நிற்பது. அக்கா தங்கச்சிகள் காலங்காலமாகப் பெயரில்லாமல் செய்துவந்த வேலைதான். இப்போது அதற்கு ஒரு நீலக் கோட்டும் கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் வந்திருந்தன.

படிப்பைப் பார்த்து அவளை யாரும் எடுக்கவில்லை. ரிஷிவந்தியம் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். சில வருஷங்களுக்கு முன்னால் இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்து, பிழைத்துக்கொண்டாள். பிழைத்தவர்களை வைத்தே மற்றவர்களைக் கூட்டிவந்தால் சிகிச்சை பாதியில் நிற்காது என்று அறக்கட்டளைக்காரர்கள் எங்கேயோ கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல முடிவுதான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த அவர்களுடைய ஆஸ்பத்திரியில் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்த்தது ராஜாம்பாளைத்தான். டவுனில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, கோட்டை மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

திட்ட மேலாளர் பகலவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. தேதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்றால் மூன்று வாரம்தான். சாவு, கல்யாணம், திருவிழா எதுவும் காரணம் ஆகாது. தேதியைத் தவறவிட்டவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தவறவிட்டவர் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மக்களுக்கும் ஒரு பொறுப்பு வர வேண்டுமில்லையா என்பார். பொறுப்பு என்கிற வார்த்தையை அவர் வெற்றிலை மாதிரி எப்போதும் வாயில் அடக்கி வைத்திருந்தார்.

ராஜாம்பாள் அதை அப்படியே நம்பினாள். மாமனார் செத்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தவள் அவள். ஊரே காறித் துப்பியது. ஆனால் உயிரோடு இருப்பது அவள்தானே? தேதியைப் பிடித்துக்கொண்டதால்தான் பிழைத்தோம் என்று அவள் மனசில் ஊன்றிவிட்டது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் தேதியைத்தான் சொல்வாள்.

அவளிடம் ஒப்படைத்தவர்களில் இருசம்மாள் ஒருத்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே, பஸ்ஸைவிட்டு இறங்கி மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து போக வேண்டிய நாவக்காட்டுக்காரி. புருஷன் இல்லை. மகனும் மருமகளும் மிளகு பறிக்கக் குடகுக்குப் போயிருந்தார்கள். நான்கு ஆடுகளும் கொஞ்சம் சாமைக் கொல்லையும் அவளுமாக இருந்தாள். மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த கட்டி, இரண்டு தடவை மருந்து ஏறியதில் களாக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. டாக்டர் எழில்மதி தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தடவை ஏற்றிவிட்டு அறுத்து எடுத்துவிடலாம், இந்த அம்மா பிழைத்துக்கொள்வார் என்று வாய்விட்டே சொன்னார். டாக்டர்கள் அப்படியெல்லாம் லேசில் சொல்கிறவர்கள் இல்லை. அன்றைக்கு ராஜாம்பாள் இருசம்மாளுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாவது தடவைக்கான தேதி வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. நினைவுபடுத்த மலை ஏறிப் போனபோதுதான் ஊரில் மாரியம்மன் திருநாள் சாட்டியிருப்பது ராஜாம்பாளுக்குத் தெரிந்தது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை காப்பு.

காப்பு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழ்நாட்டிலும் அதே வழக்கம்தான். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் திருநாள் முடிந்து அவிழ்க்கிறவரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். இருசம்மாளுக்கோ காலையில் மருந்து ஏற வேண்டுமென்றால் முந்தின நாளே இறங்கி ராஜாம்பாள் அறையில் தங்கியாக வேண்டும். மருந்து ஏறி முடிவதற்குள் மலைக்குப் போகிற பஸ் போய்விடும். ஆக, இரண்டு ராத்திரி.

நேரே ஊர்க்கவுண்டர் செல்லமுத்து வீட்டுக்குப் போனாள். மலைக்காரர்கள் பிடிவாதக்காரர்கள், சாமி என்றால் டாக்டரையே துரத்துவார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். செல்லமுத்து கடப்பாரையால் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுசும் கேட்டுவிட்டு, அப்படியானால் இருசம்மாள் மட்டும் காப்புக்கு முன்னாலேயே ஊரைவிட்டுப் போய் இருந்துவிட்டு வரட்டுமே, அவளுக்குக் கயிறு கட்ட வேண்டாம் என்று எளிதாக ஒரு வழி சொன்னார்.

பின்னாலேயே வந்து நின்றிருந்த இருசம்மாள் மொட்டைத் தலையில் துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "நோவு வந்ததுல இருந்து இந்த ஊரு என்னைத் தள்ளி வெக்கல. ஒரு வூட்ல கூட தண்ணி இல்லன்னு சொல்லல. நானா தள்ளிப் போயி இருக்கணுமா?" என்று கேட்டாள்.

செல்லமுத்து கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"ஏம்மா, ஆசுபத்திரிக்காரங்க ஒரு வாரம் தள்ளி வெச்சிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க கவுண்டரே. அது மருந்து கணக்கு. சாமியே வந்து கேட்டாலும் தேதி மாறாது."

"அப்ப சாமிதான் மாறிக்கணும்" என்றார் செல்லமுத்து.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாகிவிட்டது, மேளக்காரனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது, ஒரு பொம்பளைக்காக ஊர்த் திருநாளை மாற்றுவதா என்று இரண்டு மூன்று பேர் எகிறினார்கள். எகிறட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் செல்லமுத்து ராஜாம்பாளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். நாங்கள் ஒரு வாரம் தள்ளிக்கொள்கிறோம், உங்கள் தேதி தப்பாதே என்று கேட்டார். தப்பாது, என் மேல் சத்தியம் என்றாள் ராஜாம்பாள். எத்தனையோ வருஷமாக வைகாசி இரண்டாம் செவ்வாயில் கட்டிவந்த காப்பு மூன்றாம் செவ்வாய்க்குப் போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு ஊரையே நகர்த்திவிட்டோம் என்ற நினைப்பு.

சொன்னபடி புதன்கிழமை சாயங்காலம் இருசம்மாளைக் கூட்டிவந்து அறையில் தங்கவைத்து, வியாழன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தல் போட்டு, நாற்காலிகளை அடுக்கி, ஒலிபெருக்கியில் ஒருவன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. விழா உண்டு, பட்டுப்புடவையில் வர வேண்டும் என்று ராஜாம்பாளுக்கும் சொல்லியிருந்தார்கள். மருந்து ஏற்றுவது கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தோமே என்றார் பகலவன். நலத்துணைகளுக்குப் புது போன் தருவதாகச் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. தந்த பிறகுதான் குரூப்பில் சேர்ப்பார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதை அவள் எடுத்துக் காட்டியபோது, அச்சச்சோ என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

பழைய வார்டைக் காலி செய்து கட்டில்களை எல்லாம் கழற்றிவிட்டார்கள். புது வார்டின் கண்ணாடிக் கதவு வழியாக ராஜாம்பாள் பார்த்தாள். வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, மருந்து தொங்கவிடும் கம்பிகள், சுவரில் ஏசி. மருந்துப் பெட்டிகூட உள்ளே வந்துவிட்டது. கதவுக்குக் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன்.

"சார், கட்டில் இருக்குது. மருந்து இருக்குது. ஊசி போடற பொண்ணுங்க இதோ நிக்குதுங்க. இன்னாதான் இல்ல?"

"இன்னும் திறக்கலையேம்மா" என்றார் பகலவன்.

ரிப்பன் வெட்டின கையோடு ஏற்றிவிடலாமே என்று டாக்டர் எழில்மதியிடம் போய்க் கேட்டாள். அவரும் பட்டுப்புடவையில்தான் இருந்தார். விருந்தாளி வருவதற்கே மதியம் ஆகிவிடும், இந்த மருந்து காலையில் தொடங்கினால்தான் சாயங்காலத்துக்குள் முடியும் என்று சொல்லி, அவள் தோளில் கை வைத்தார். ஒரு வாரம் தள்ளுவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, அடுத்த வியாழக்கிழமை முதல் கட்டில் இருசம்மாளுக்குத்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வாரத்தோடு முடிந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காதுதான்.

ஒரு வாரம் தள்ள முடியும் என்றால் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. சாமியே கேட்டாலும் மாறாது என்று ராஜாம்பாள் வாய் கிழியப் பேசிவிட்டு வந்திருக்கிறாளே. அந்த மலையில் ஒரு ஊர் முழுக்க அதை நம்பி நாளை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

விருந்தாளி வந்தார், வெட்டினார், மேடை ஏறினார். மலைமக்களிடம் விழிப்புணர்வு இல்லை, நோய் வந்தால் கோயிலுக்கு ஓடுகிறார்கள், தேதிக்கு வருவதில்லை, சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்று மனமுருகப் பேசினார். மூன்றாவது வரிசையில் லட்டும் தண்ணீர் பாட்டிலும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருசம்மாள் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். பிறகு ராஜாம்பாளை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டு, இவர்தான் எங்கள் வெற்றி என்று சொல்லி மைக்கை நீட்டினார்கள். நடந்த உண்மை அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரத் தேதியும் இவர்கள் கையில்தான் இருக்கிறது என்று தோன்றியது. எல்லாருக்கும் நன்றி என்றாள். படி இறங்கும்போது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பந்தலுக்குப் பின்னால் இருசம்மாளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வியாழன் என்றால் காப்பு கட்டி மூன்றாம் நாள். அக்கா, நீ மலைக்குப் போகவே வேண்டாம், ஒரு வாரம் என்னோடு என் அறையிலேயே இரு, கயிறு கட்டாதவளை யார் கேட்கப் போகிறார்கள், ஆட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

இருசம்மாள் லட்டைப் பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தாள்.

"எனக்கோசரம் தள்ளி வெச்ச திருநா அது. அதுல நான் இல்லன்னா ஊரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? நீயே சொல்லு."

தன் ஊராக இருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று ராஜாம்பாளுக்குத் தெரிந்தது. உயிரைவிட ஊர் பெரிதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். மொட்டைத் தலையோடு தனியாகக் கிடந்தவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தது அந்த ஊர்தான்.

அப்போதுதான் அந்த வேன் கண்ணில் பட்டது. விருந்தாளி கொடியசைத்துத் தொடங்கிவைத்த புது வேன். மாலை போட்டு, பக்கவாட்டில் 'உங்கள் வாசலில் நாங்கள்' என்று பெரிதாக எழுதி நிறுத்தியிருந்தது. விடிய ஒரு வண்டி வந்து கூட்டிப்போய், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டால் வருகிறேன் என்றாள் இருசம்மாள். பகலில் போவதற்குத் தடையே இல்லையே. இவ்வளவு சின்ன விஷயமா என்று ராஜாம்பாளுக்கு உயிர் வந்தது. பகலவனிடம் ஓடிப்போய்க் கேட்டாள். பார்க்கலாம்மா என்றார். ராஜாம்பாள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். வயல்காட்டில் ஒருவர் பார்க்கலாம் என்றால் பார்ப்பார் என்றுதான் அர்த்தம்.

அடுத்த வியாழன் எல்லைக் கல்லண்டை விடியற்காலம் வந்து நில் என்று சொல்லி அவளை மலைக்கு ஏற்றிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காப்பு கட்டினார்கள்.

திங்கள் கேட்டாள், பார்க்கலாம் என்றார். செவ்வாய் கேட்டாள், மேலே பேசியிருக்கிறேன் என்றார். புதன்கிழமை சாயங்காலம், மலைக்குக் கடைசி பஸ்ஸும் போன பிறகு, கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்த வண்டி சிகிச்சையெல்லாம் முடிந்து இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆனவர்களுக்கு, வீட்டுக்கே போய் வலி மருந்து கொடுப்பதற்காக ஒதுக்கியது. நன்கொடை கொடுத்தவர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் அவர்களாகத்தான் வர வேண்டும். ஒருத்தருக்கு அனுப்பினால் எல்லாரும் கேட்பார்கள்.

"வண்டி நாளைக்கு எங்கனா போவுதா சார்?"

"நாளைக்கு இல்லைம்மா. அப்படி யாரும் இன்னும் பதிவாகலை."

"அப்ப சும்மாதான் நிக்குது."

டாக்டர் எழில்மதி தானே போய்ப் பேசிப் பார்த்துவிட்டு முகம் சிவந்து திரும்பி வந்தார். வண்டி அவர் அதிகாரத்தில் இல்லை. ராஜாம்பாள் டவுன் முழுக்க வாடகைக் காருக்கு அலைந்தாள். கம்மலை அடகு வைக்கவும் தயாராக இருந்தாள். மறுநாள் முகூர்த்தம், இருந்த வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. நாவக்காட்டுக்குப் போன் போட்டால் டவர் கிடைக்கவில்லை.

முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எல்லைக் கல்லின் மேல் இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, புதுத் துண்டால் தலையை மூடி, கையில் மஞ்சள் கயிறும் மடியில் தூக்குவாளியுமாக, இருட்டோடு வந்தவள் அப்படியே இருந்தாள். டிரைவருக்கும் சேர்த்துக் களி கிண்டி எடுத்து வந்திருந்தாள். இனிமேல் கிளம்பினாலும் பலன் இல்லை. போய்ச் சேர மதியம் தாண்டிவிடும், அதற்கப்புறம் மருந்து தொடங்க மாட்டார்கள்.

வண்டி வராது என்று ராஜாம்பாள் சொன்னாள். அது வேறு ஆட்களுக்கு ஒதுக்கின வண்டி, ஆஸ்பத்திரி விதி விடவில்லை என்று மட்டும் சொன்னாள். இருசம்மாள், "அவங்களுக்கும் எதுனா எல்லை கட்டியிருப்பாங்களாட்டம் இருக்குது" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவளுக்குப் புரிந்தது. பாவம் அவர்கள் என்ன செய்வார்கள் என்கிற தொனிகூட இருந்தது.

மேளச்சத்தம் கேட்கும் பக்கத்திலிருந்து செல்லமுத்து வந்தார். இரண்டு பேரையும் பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. ராஜாம்பாள் எழுந்து நின்றாள். அவர் கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

"தேதி மாறாதுன்னு சத்தியம் பண்ணினே. நாங்க மாறிக்கினோம்" என்றார். இருசம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப்போனார். ராஜாம்பாள் அடுத்த பஸ் வரும்வரை அந்தக் கல்லண்டையே நின்றாள். ஊருக்குள் வா என்று யாரும் கூப்பிடவில்லை, போவதற்கு அவளுக்கும் முகம் இல்லை.

காப்பு அவிழ்த்த மறுநாளே இருசம்மாள் இறங்கி வந்தாள். பகலவன் வருத்தத்தோடுதான் சொன்னார்: தேதி தவறியவர் கடைசியில் நிற்க வேண்டும், விதியை ஒருவருக்காக மாற்ற முடியாது. திருவிழா காரணமாக வரவில்லை என்று படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். ரிப்பன் காரணமாக என்று எழுத அதில் இடம் இல்லை. முதல் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அவர்களும் எங்கிருந்தோ அடித்துப் பிடித்து வந்தவர்கள்தானே, அவர்களை எழுப்பு என்று சொல்ல ராஜாம்பாளுக்கு மனம் வரவில்லை. எடுத்த பரிசோதனைகளுக்கெல்லாம் காலம் கடந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு பரிசோதனைக்கு இயந்திரம் பழுது, இன்னொன்றுக்கு ஆள் விடுமுறை. புதுக் கட்டடத்தைப் பார்த்து வருகிற கூட்டமும் கூடிப்போயிற்று. ஆனி போய் ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது.

அந்த மாதங்களில் ராஜாம்பாள் யாரிடமெல்லாம் போய் நின்றாள் என்பதைச் சொன்னால் கதை நீளும். கெஞ்சினாள், கத்தினாள், கோட்டைக் கழற்றி மேஜை மேல் எறிந்தாள், மறுநாள் அவளே போய் எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் போய்விட்டால் இருசம்மாளுக்காக வாசலில் நின்று கேட்க ஆளில்லை. களாக்காய் மறுபடி எலுமிச்சம்பழம் ஆயிற்று. முதுகு வலிக்கிறது, கொல்லையில் குனிய முடியவில்லை என்றாள் இருசம்மாள். நாலு அடி நடந்தால் இருமல் வந்தது.

கடைசியில் ஒரு வழியாக முறை வந்து, ஸ்கேன் எடுத்து, டாக்டர் எழில்மதி ராஜாம்பாளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது, அறுத்து எடுக்க இனி வழியில்லை என்று சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு ஒரு வாரம்தானே என்று சொன்னீர்களே டாக்டர் என்று ராஜாம்பாள் கேட்டாள். ஆமாம் என்றார் எழில்மதி. அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ராஜாம்பாளுக்குத் தெரியவில்லை. தனக்கு வந்த அழுகையையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எந்த வரிசையும் இல்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. இருசம்மாளை வேறு திட்டத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லிப் பகலவன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. இனி அந்த அம்மா அலைய வேண்டாம், வாரா வாரம் நாமே போவோம், நீங்கள்தான் வழி காட்ட வேண்டும் என்றார். இந்த மாவட்டத்தில் மலைக்கே போகிற முதல் வண்டி நம்முடையதுதான் என்றும் சொன்னார்.

புரட்டாசியில், சாமை முற்றித் தலை சாய்ந்திருந்த ஒரு காலை வேளையில் வேன் நாவக்காட்டுக்குள் நுழைந்தது. மலைப் பாதையில் அது ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஏறியது. இவ்வளவுதானா தூரம் என்று ராஜாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. நர்ஸ் ரம்யா மாத்திரைப் பெட்டியோடு இறங்கினாள். பின்கதவைத் திறந்து மெத்தை, சாய்ந்து உட்காரப் பலகை, சத்துமாவு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஊரே கூடிவிட்டது. செல்லமுத்து தள்ளி, ஒரு பலா மரத்தடியில் நின்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மெத்தை இறங்குவதைப் பார்த்து, வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்ததையும் ஓர் எழுத்துவிடாமல் படித்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் பாயில் படுத்திருந்த இருசம்மாள் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துவிட்டாள். முடி கொஞ்சம் முளைத்திருந்தது. வேனைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, பார்த்தாயா, இனிமேல் நான் கீழே போகவே வேண்டாமாம், என் வாசலுக்கே வருவார்களாம், நோவு குறைந்துபோனதால்தான் இப்படி என்று பெருமையாகச் சொன்னாள். மாத்திரை எப்போது எப்போது சாப்பிட வேண்டும் என்று ரம்யா சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினாள்.

டிரைவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். பிறகு ராஜாம்பாளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வெகு நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன் ராஜாம்பா, இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?"